ஐந்தாவது ஏன்

வேண்டாம் என்று சொல்வதுதான் என் வேலை. ஒரகடத்தில் பிரேக் சிலிண்டர் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பதினோரு வருடமாகக் கடைசிச் சோதனை மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். லைனிலிருந்து வரும் ஒவ்வொரு துண்டின் துளைக்குள்ளும் போர் கேஜ் என்ற அளவுக் கருவியை விட்டு, முள் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். சரியாக இருந்தால் பச்சைத் தட்டு, இல்லாவிட்டால் சிவப்புத் தட்டு. துளை மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக இருக்க வேண்டும். ஒரு முனையில் குறுகியிருந்தால் அதை டேப்பர் என்போம். டேப்பர் என்றால் யோசனையே இல்லை, சிவப்புதான். யோசிக்காமல் செய்கிற காரியங்களைத்தான் நான் ஒழுங்காகச் செய்கிறேன் என்பது என் மனைவியின் கட்சி.

அந்தத் துளைகளைக் கல் வைத்துத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவரும் ஹோனிங் மிஷினில் நின்றவன் அவன். கோவில்பட்டிப் பக்கத்து ஆள். என்னைவிட நான்கு வயது சின்னவன். நான் நிரந்தரம், அவன் கான்ட்ராக்ட். வடக்குப்பட்டில் ஆறு பேர் சேர்ந்து எடுத்த அறையில் அவனுக்கென்று ஒரு பாயும் சட்டை மாட்ட ஓர் ஆணியும் இருந்தன. அந்த ஆறு பேரில் எவனாவது ஒருவன் எந்த நேரமும் ஷிஃப்ட் முடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பான். சத்தமாக இருமினால் சண்டை வரும். அப்படிப்பட்ட அறையில் இருந்துகொண்டு அவன் வாங்கியது, நைட்ரோவில் ஓடுகிற ரிமோட் மான்ஸ்டர் டிரக்.

பொம்மை என்று சொன்னால் அவன் முகம் சுருங்கும். உயரம் முழங்காலைத் தொடாது, ஆனால் சக்கரம் ஒவ்வொன்றும் ஊத்தப்பம் அகலம். வயிற்றுக்குள் முஷ்டியளவு டூ ஸ்ட்ரோக் என்ஜின். பெட்ரோல் குடிக்காது. மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் எண்ணெயும் கலந்த ஒரு திரவம், சென்னையிலிருந்து கேனில் வர வேண்டும். தலையிலுள்ள பிளக்கைச் சூடாக்கி, பக்கத்தில் இருக்கும் கயிற்றை இழுத்தால் கிளம்பும். கிளம்பிவிட்டால் தெருவே எட்டிப் பார்க்கும். அதனால் அந்த வண்டி மண்ணூரில் என் வீட்டு மாடிப்படிக்கு அடியில் குடியேறியது. எனக்கு அதில் விருப்பம் இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லிவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே படிக்கட்டுக்கடியில் போய் உட்கார்ந்திருப்பேன்.

மண்ணூருக்குப் பின்னால் மனை போட்டு விற்காமல் கிடக்கும் இடம் ஒன்று உண்டு. முன்னால் பெரிய வளைவு, வெளுத்துப்போன கொடிகள், உள்ளே கிராவல் சாலைகள், சாலையோரம் வெள்ளையும் சிவப்பும் அடித்த எல்லைக் கற்கள். வீடு மட்டும் ஒன்றுகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே போவோம். காவலுக்கு இருந்த பெரியவர் முதல் வாரம் எங்களைத் துரத்தினார். மூன்றாவது வாரம் தன் பிளாஸ்டிக் நாற்காலியை வேப்பமரத்தடிக்கு இழுத்துவந்து போட்டுக்கொண்டார்.

ஓட்டுவது அவன், அளப்பது நான். கார்புரேட்டரில் ஓர் ஊசி இருக்கிறது. அதை உள்ளே திருகினால் எரிபொருள் குறைந்து வேகம் கூடும், சூடும் கூடும். வெளியே திருகினால் புகை கக்கிக்கொண்டு மந்தமாகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடத்தில்தான் என்ஜின் ஒழுங்காகப் பாடும். நான் வெப்பமானியைத் துப்பாக்கி மாதிரி அதன் தலைக்கு நேரே பிடித்து எண்ணைச் சொல்வேன், நோட்டில் குறிப்பேன். அவன் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவே மாட்டான். கொஞ்ச தூரம் ஓடவிட்டு, தலையைச் சாய்த்துக் கேட்டு, "தொண்ட கட்டுதுண்ணே" என்று ஊசியை ஓர் இழை திருப்புவான். பிறகு அளந்து பார்த்தால் என் எண்ணும் அதையேதான் சொல்லும். எனக்கு இது பிடிக்காது. கேஜுக்கு முன்னால் காது முந்திக்கொள்வது என் தொழிலுக்கே அவமானம் என்று நினைப்பேன்.

ஓட்டும்போது அவனைப் பார்க்க வேண்டும். கிராவல் குவியலை நோக்கி வண்டியை விட்டு, ஏறும்போது கொஞ்சம் விரலைத் தளர்த்தி, உச்சியில் அழுத்துவான். வண்டி எழும்பி, நான்கு சக்கரமும் காற்றில் சுற்ற, அந்தப் பக்கம் பின்சக்கரத்தில் இறங்கி, நீலப் புகை விட்டுக்கொண்டு போகும். அவன் சிரிக்க மாட்டான். வாரம் முழுக்க மிஷின் முன்னால் குனிந்தே இருக்கிற முதுகு அப்போது நேராக இருக்கும், அவ்வளவுதான். என் கையில் ரிமோட்டைக் கொடுத்தால் அத்தனை பெரிய வெட்டவெளியில் வண்டி ஓர் எல்லைக்கல்லைத் தேடிக் கண்டுபிடித்து முட்டும். முன்சக்கரத்தைத் தாங்கும் கை முறியும். அந்த வாரம் முழுவதும் மாலையில் இருவரும் படிக்கட்டுக்கடியில் உட்கார்ந்து அதைக் கழற்றி மாட்டுவோம். கழற்றி மாட்டுவதில் எனக்கு ஓட்டுவதைவிட ருசி அதிகம். அந்த இரண்டு வருடம் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை மறைக்கத் தேவையில்லை.

கிராவல் தூசி பழைய என்ஜினைத் தின்றுவிட்டது. தீபாவளி போனஸில் அவன் புது என்ஜின் வரவழைத்தான். அது மார்கழிக் கடைசியில்தான் வந்தது. வந்து சேர்ந்த வாரத்திலேயே அவனுடைய கான்ட்ராக்ட் தை மாதத்தோடு சரி என்று சொல்லிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. கான்ட்ராக்ட் ஆட்களுக்குக் காரணம் சொல்லும் வழக்கமில்லை. அவன் நாட்களை எண்ணிப் பார்த்தான். ஐந்து ஞாயிறு மிச்சம் இருந்தது.

"புது என்ஜின பழக்கிதாம்ணே எடுக்கணும்," என்றான். "மொத நாலஞ்சு டேங்கு மெதுவா, எண்ணெ கூட்டி விட்டு ஓட்டணும். இங்கனயே பழக்கி எடுத்துட்டுப் போயிருதேன். அங்க நமக்கு ஆரு இருக்கா கூடப் பாக்க."

கூடப் பார்க்க என்று அவன் சொன்னது என்னைத்தான். ஊருக்குப் போகும்போது ஓடுகிற வண்டியோடு போக வேண்டும். அவன் கேட்டது அது ஒன்றுதான்.

இந்த இடத்தில் எங்கள் தொழிற்சாலையின் ஏன்-ஏன் தாளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஏதாவது தப்பு நடந்தால் அந்தத் தாளை எடுப்போம். அதில் ஐந்து கட்டங்கள். துளை ஏன் குறுகியது? கல் தேய்ந்ததால். கல் ஏன் தேய்ந்தது? இப்படி ஐந்து முறை ஏன் கேட்டால் ஆணிவேர் கிடைக்கும் என்று வகுப்பெடுத்திருக்கிறார்கள். நடைமுறையில் ஐந்தாவது கட்டத்தில் எழுதுவது ஒன்றேதான்: ஆபரேட்டர் கவனக்குறைவு. அதை எழுதினால்தான் தாள் மூடும். வேறு எதையாவது எழுதினால் மேலிருந்து ஆறாவது ஏன் வரும். எழுதி முடித்ததும் கீழே சோதித்தவர் ஒரு கையெழுத்து, ஆபரேட்டர் ஒரு கையெழுத்து. இரண்டும் இருந்தால்தான் விஷயம் முடிந்தது என்று கணக்கு.

அந்த வருடம் ஆடியில் அவன் மிஷினிலிருந்து வந்த ஒரு லாட் முழுக்கச் சிவப்பாயிற்று. தாளை நிரப்பியது நான்தான். கல் தேய்ந்துவிட்டது, மாற்றிக் கொடுங்கள் என்று அவன் சூப்பர்வைசரிடம் இரண்டு முறை கேட்டது எனக்குத் தெரியும். இருந்தாலும் வழக்கத்தைத்தான் எழுதினேன். தாளை நீட்டியபோது அவன் படிக்கவில்லை. "எங்கண்ணே போடணும்?" என்று கேட்டான். விரலால் காட்டினேன். போட்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல வந்தான், வண்டி ஓட்டினோம்.

புது என்ஜினுக்கு வருகிறேன். சனிக்கிழமை மாலை அவனே அதை வண்டியில் மாட்டிவிட்டுக் கயிற்றை இழுத்தான். பாதியில் கயிறு நின்றுவிட்டது. மறுபடி இழுத்தான், மறுபடியும் அதே இடத்தில் பிடித்தது. நான் வாங்கி இழுத்தேன். கல்லில் கட்டிய மாதிரி இருந்தது.

"இன்னாபா இது, ஜாம் ஆயி கீது?" என்றேன்.

"ஜாம் இல்லண்ணே. புதுசுல பிஸ்டன் மேல வந்து பிடிக்கத்தாஞ் செய்யும். சூடு பண்ணுனா விட்டுரும். அண்ணிகிட்ட முடி காய வைக்கிற மிஷின் இருக்குல்லா, அத வச்சுக் கொஞ்ச நேரம் தலயில காட்டுனாப் போதும்."

"யார் சொன்னது?"

"என்ஜின் கம்பெனிக்காரன் அப்படித்தான செஞ்சிருக்கான்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவனை ஓ.டி.க்கு வரச்சொல்லியிருந்தார்கள். ஒரு ஞாயிறு அப்படிப் போயிற்று. என்ஜின் என் வீட்டில் இருந்தது.

எனக்குக் கை அரித்தது. திங்கட்கிழமை என்ஜினைத் திறந்து, பிஸ்டன் ஏறி இறங்கும் உள்குழாயை, ஸ்லீவ் என்போமே, அதை உருவினேன். துணியில் சுற்றி, ரசம் கொண்டுபோகும் டப்பாவில் வைத்துத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனேன். மதிய இடைவேளையில் என் மேசையிலேயே கேஜை விட்டுப் பார்த்தேன். கீழே ஓர் அளவு, மேலே வர வர முள் நகர்ந்துகொண்டே போனது. டேப்பர். சந்தேகத்துக்கு இடமில்லாத, எந்தப் புதுப் பயிற்சியாளனும் கண்டுபிடிக்கக்கூடிய டேப்பர். எனக்குள் ஒரு கர்வம் ஏறியது. அப்படித்தான் செஞ்சிருக்கானாம். இவன் ஆறு வருடம் ஹோனிங்கில் நின்று என்ன கற்றான் என்று நினைத்தேன்.

சிவப்புத் தட்டில் போட அது கம்பெனிச் சரக்கு இல்லை. ஆகவே நானே சரிசெய்தேன். டூல் ரூமில் கையால் பிடித்துத் தேய்க்கும் சின்ன ஹோனிங் கல் ஒன்று உண்டு. டிரில்லில் மாட்டி, எண்ணெய் விட்டு, அளந்து அளந்து தேய்த்தேன். முள் மேலிருந்து கீழ்வரை ஆடாமல் நிற்கும்வரை விடவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு நேரான துளையை நான் பார்த்ததில்லை. மாலையில் ரச டப்பாவோடு வெளியே வந்தேன். கேட்டில் செக்யூரிட்டி டப்பாவை ஆட்டிப் பார்த்து, "எலும்பா சார்?" என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

இரண்டாவது ஞாயிறு அவன் வந்து கயிற்றை இழுத்தான். சரசரவென்று முழுக் கயிறும் வந்தது. இன்னொரு முறை இழுத்தான், இந்த முறை மெதுவாக. பிறகு என்னைப் பார்த்தான்.

"வெண்ணெயா வருதுண்ணே. என்ன செஞ்சிய?"

"நீ சொன்னா மாதிரி ஹேர் டிரையர் வெச்சேன்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. சரி செய்து வைத்திருக்கிறேன் பார் என்று பீற்றிக்கொள்ளத்தான் ஒரு வாரமாகக் காத்திருந்தேன். அவன் இரண்டாம் முறை மெதுவாக இழுத்த விதத்தில் ஏதோ ஒன்று என் வாயைத் திருப்பிவிட்டது. அவன் சரி என்று தலையாட்டினான். அன்று என்ஜின் ஏழெட்டு முறை செருமியது. பிளக்கின் சூட்டை எடுத்ததும் செத்தது. வெயில் ஏறும்வரை கயிற்றை இழுத்து அவன் உள்ளங்கை கன்றிப்போனது. நாற்காலியிலிருந்த பெரியவர், "இன்னாபா, இன்னிக்கு எய்ந்துக்கலயா உன் வண்டி?" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

புதன்கிழமை, என்ஜின் வந்த அட்டைப்பெட்டியைக் காலில் இடறினேன். அடியில் மடித்துவைத்த ஒரு தாள் இருந்தது. நான் பிரித்தே பார்க்காத தாள். ஸ்லீவ் மேற்பக்கம் வேண்டுமென்றே குறுகலாகச் செய்யப்பட்டிருக்கிறது, குளிர்ந்திருக்கும்போது பிஸ்டன் அங்கே இறுக்கமாகப் பிடிக்கும், ஓடிச் சூடானதும் அந்த இடம் விரிந்து சரியான அளவுக்கு வரும், புது என்ஜினைக் கிளப்பும் முன் தலையைச் சூடாக்கவும் என்று படத்தோடு போட்டிருந்தது. அந்தப் பிடிப்புதான் என்ஜினின் உயிர். அதைத்தான் நான் அளந்து அளந்து எடுத்திருந்தேன். அவன் சொன்னது எழுத்துக்கு எழுத்துச் சரி. பதினோரு வருடமாகப் பிறர் செய்ததை அளந்த நான், முதன்முதலாக என் கையால் ஒன்றைச் செய்ததும் அது பாழாகிவிட்டது.

மனைவியிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். "அந்தப் புள்ளகிட்ட சொல்லிட்டாத்தான் இன்னா? வாய்ல இன்னா கொழுக்கட்டையா வெச்சிகினு கீற?"

"சொல்றேன் சொல்றேன்."

மூன்றாவது ஞாயிறு நான் சொல்லவில்லை. அவன் பிளக்கை மாற்றினான், கார்புரேட்டரைக் கழுவினான், ஊசியை முழுக்க மூடி மறுபடி எண்ணித் திறந்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பானர் எடுத்துக்கொடுத்தேன். "நாந்தான் ஊசியில எங்கயோ தப்பு பண்ணுதேன் போலண்ணே," என்று அவன் சொன்னபோது, இருக்கலாம் என்று நான் சொன்னேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது. அவன் திட்டுவான் என்ற பயமில்லை. ஓர் ஆபரேட்டர் சொன்னது சரி, நான் சொன்னது தப்பு என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டுமே, அந்தப் பயம்.

நான்காவது ஞாயிறு வண்டியை வெளியே கொண்டுபோகவே இல்லை. படிக்கட்டுக்கடியில் உட்கார்ந்து அவனே என்ஜினைத் திறந்தான். போன் வெளிச்சத்தை ஸ்லீவுக்குள் அடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். நான் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லாரி ஒன்று பின்னால் எடுக்க முடியாமல் தெருமுனையில் மாட்டிக்கொண்டிருந்தது.

அவன் ஸ்லீவைத் துணியில் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டான். "அண்ணே, ஒரு ஏன்-ஏன் போட்டுருவமா?" என்றான்.

சிரித்தபடிதான் கேட்டான். என் வெப்பநிலை நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, ஸ்கேல் இல்லாமலே ஐந்து கட்டமும் கீழே இரண்டு கையெழுத்துக்கு இடமும் போட்டு, அவனே எழுதினான். வண்டி ஏன் ஓடவில்லை? என்ஜின் கிளம்பவில்லை. ஏன் கிளம்பவில்லை? உள்ளே அழுத்தம், கம்ப்ரெஷன், இல்லை. ஏன் இல்லை? பிஸ்டன் மேலே பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை? ஸ்லீவில் டேப்பர் இல்லை. டேப்பர் ஏன் இல்லை என்று ஐந்தாவது கேள்வியையும் எழுதினான். பதில் எழுதும் இடத்தைக் காலியாக விட்டு, பேனாவை அதன்மேல் வைத்தான்.

"கடைசிக் கட்டம் எப்பவும் நீங்கதான எழுதுவிய. எழுதி வைங்க. வார ஞாயித்துக்கெழம கெளம்பணும், வண்டிய எடுக்க வாரேன்."

அவன் போன பிறகு ஸ்லீவை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். உள்ளே குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள். ஹோனிங் கல் எங்கே பட்டாலும் விட்டுப்போகும் கோடுகள். மேற்பக்கம் குரோம் பூச்சு தேய்ந்து, கீழே இருந்த பித்தளை மஞ்சளாகத் தெரிந்தது. ஹோனிங்காரனிடம் இதை ஒளித்துவைக்கலாம் என்று எப்படி நினைத்தேன் தெரியவில்லை. நான் பார்ப்பது முள்ளை. அவன் பார்ப்பது கோட்டை. அது எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த வாரம் முழுக்கத் தாள் குளிர்சாதனப் பெட்டியின் மேல் கிடந்தது. என்ஜின் அனுப்பிய கடைக்கு போன் செய்து புது ஸ்லீவும் பிஸ்டனும் கேட்டேன். வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். அவனுடைய ஊர் விலாசத்துக்கே அனுப்பச் சொன்னேன். அது சுலபமாக இருந்தது. எழுதுவதுதான் முடியவில்லை. சனிக்கிழமை மத்தியானம் எழுதினேன். கையேட்டைப் படிக்காமலும், சொன்னதைக் கேட்காமலும், டேப்பரைக் குறை என்று நினைத்து, சோதிப்பவனே ஸ்லீவைத் தேய்த்துவிட்டான். கீழே சோதித்தவர் என்ற இடத்தில் முழுக் கையெழுத்துப் போட்டேன்.

ஐந்தாவது ஞாயிறு அவன் இரண்டு பையோடு வந்தான். சுங்குவார்சத்திரத்தில் பஸ் பிடிக்க வேண்டும். தாளை நீட்டினேன். இந்த முறை நின்று, உதடு அசைய முழுக்கப் படித்தான்.

"உனக்குத் தெரியும் இல்ல?" என்றேன்.

"கயித்த இழுத்தப்பவே தெரியும்ணே. ஒரு எடத்துல முட்டணும்லா, முட்டல. பெறவு தொறந்தா கோடு கெடக்கு. மிஷின் கோடு ஒரே சாய்வா இருக்கும். இது கைக்கோடு."

"அப்பவே கேட்டிருக்கலாமே."

"நீங்க சொல்லுவியன்னு பாத்தேன்."

புது ஸ்லீவ் வரும் என்று சொன்னேன். சரிண்ணே என்றான். வண்டியை அட்டைப்பெட்டியில் இறக்கி, இடுக்குகளில் பழைய துணி அடைத்து, கயிறு சுற்றினான். முடிச்சு விழும் இடத்தில் நான் விரல் வைத்து அழுத்திக்கொண்டேன். முடிச்சை இறுக்கிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னான்.

"ஆடியில எம் மிஷினுக்கும் இதே மாதிரி எழுதிருக்கலாம்லாண்ணே."

குரலில் கோபமில்லை. வண்டியின் சக்கரத்தைப் பற்றிச் சொல்கிற மாதிரிதான் சொன்னான். விரலை எடுத்தேன், முடிச்சு இறுகியது.

தெருமுனைவரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். ஷேர் ஆட்டோ வந்தது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டான். தாளை நான்காக மடித்து என் சட்டைப்பையில் அவனே வைத்தான். "வாரேண்ணே" என்றான். அண்ணியிடம் சொல்லச் சொன்னான். ஆட்டோ போய்விட்டது.

வீட்டுக்கு வந்து தாளைப் பிரித்தேன். ஐந்து ஏன், ஐந்து பதில், கீழே என் கையெழுத்து. ஆபரேட்டர் கையெழுத்துக்கான இடம் காலியாக இருந்தது.